துரைமார் தொட்டியின் ஆழம்

பிரிக்பீல்ட்ஸ்
10-2-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சித்தி, சித்தப்பா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? லெட்சுமி அண்ணிக்கு என் அன்பு.

நான் கோபத்தில் எழுதுகிறேன். உங்கள்மேல் இல்லை, பயப்பட வேண்டாம். சுங்கை பீசி ரோட்டில் ஈயம் தோண்டும் குட்டை வைத்திருக்கும் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் மேல். அவன் கைவிட்டுப் போட்டிருந்த குட்டையில்தான் நானும் எங்கள் பள்ளிக்கூடத்து மார்க்கிரட் டீச்சரும் பெண் பிள்ளைகளுக்கு அலங்கார நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் அவன் மறுபடியும் பம்பு வைத்துவிட்டான். குட்டை முழுவதும் சேற்றுக் குழம்பு. எங்களுக்குத் தண்ணீர் போயிற்று.

அது என்ன அலங்கார நீச்சல் என்று கேட்பீர்கள். நீச்சல் என்றால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவது. இதில் எங்கேயும் போவதில்லை. பிள்ளைகள் மல்லாந்து படுத்துக் கால் விரல்களை நடுவில் சேர்த்தால் சக்கரம். தலைகளைச் சேர்த்தால் பூ. ஒருத்தியின் கழுத்தில் இன்னொருத்தி பாதத்தை வைத்து வரிசையாகப் படுத்தால் பாம்பு. இவ்வளவையும் தாங்கிப் பிடிப்பது கைகள். இடுப்புக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், மணிக்கட்டால் தண்ணீரை உள்ளும் புறமும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது தெரியக் கூடாது. மூக்கில் தண்ணீர் ஏறினாலும் முகம் சிரித்தபடி இருக்க வேண்டும். மார்க்கிரட் கொழும்பில் பெரியம்மா வீட்டில் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டாள். பாட்டோடு செய்கிற வித்தை இது. ஆனால் காது தண்ணீருக்குள் இருந்தால் கிராமபோன் கேட்காது. அதனால் அவள் ஓர் இரும்பு வாளியைத் தண்ணீரில் அமுக்கி வைத்துக் கரண்டியால் தட்டுவாள். அந்தச் சத்தம் அடியில் நன்றாகக் கேட்கும். பிள்ளைகள் அந்தத் தட்டுக்குத்தான் திரும்புவார்கள்.

இந்தப் பட்டணத்தில் நீச்சல் தொட்டி இல்லாமல் இல்லை. நம்மை இறங்க விடுகிற தொட்டிதான் இல்லை. நீங்கள் வேலை செய்யும் காப்பார் ரோடு கிளப்பில் புதிதாகத் தொட்டி கட்டியிருப்பதாக அண்ணி சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள், துரைமார் தூங்கி எழுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்துவிடுவோம். செக்கரட்டரி துரை உங்கள் பேச்சைத் தட்டமாட்டார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சந்திரகலா

* * *

கிள்ளான்
20-2-1935

சௌபாக்கியவதி தங்கை சந்திரகலாவுக்கு அண்ணன் ராதாகிருஷ்ணன் ஆசீர்வாதம்.

கடவுள் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். அம்மா காலில் தைலம் தடவிக்கொண்டு நடமாடுகிறார். சித்தப்பாவின் ரயில்வே பட்டறையில் ஆள் குறைக்கிறார்கள் என்று கேள்வி. விவரம் எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே துரையின் அறைக்குப் போனேன். ஹெட் கிராணி, ஆபீசின் தலைமைக் குமாஸ்தா என்ற முறையில் எனக்கு முன் அனுமதி தேவையில்லை. மே மாதம் சக்கரவர்த்தியின் வெள்ளிவிழா வருகிறது அல்லவா, அன்று கிளப்பில் ஏதாவது புதுமையாக நடக்க வேண்டும் என்று கமிட்டி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் விஷயத்தைச் சொன்னேன். துரைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளிவிழா மாலையில் தேநீர் விருந்தின்போது உங்கள் காட்சி நடக்கும். அது நல்லபடியாக முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலைகள் உங்களுடையவை என்றே வைத்துக்கொள்.

உடை விஷயத்தில் கவனம். நம் குடும்பத்தின் பெயர் இதில் இருக்கிறது.

உன் நலம் விரும்பும்,
ரா. ராதாகிருஷ்ணன்

* * *

பிரிக்பீல்ட்ஸ்
23-2-1935

என் அருமை அண்ணன் அவர்களுக்கு,

சந்திரா வணக்கம். எல்லோரும் சௌக்கியம். சித்தப்பாவின் வேலைக்கு இதுவரை ஆபத்தில்லை.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்தே படித்தேன். பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். தலைமையாசிரியை வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலைகள் எங்களுடையவை என்று நீங்கள் எழுதியதை இராஜம்மா மனப்பாடமாகச் சொல்கிறாள். எங்கள் பிள்ளைகளில் அவள்தான் கெட்டிக்காரி. ரயில்வே கேட்காரர் பக்கிரிசாமியின் மகள். இந்தக் குடும்பப் பெயர் விஷயத்தைக் கேட்டுச் சித்தி ஒரு மூச்சுச் சிரித்தார். உடையை மார்க்கிரட் முழங்கால் வரைக்கும் கறுப்புத் துணியில் தைக்கிறாள். அதற்கும் கீழே இறக்கினால் அது நீச்சல் இல்லை, மூழ்கல்.

சில விஷயம் தெரிய வேண்டும். தொட்டி எவ்வளவு ஆழம்? இதுதான் முக்கியம். கொக்கு என்று ஒரு நிலை இருக்கிறது. தலைகீழாக இறங்கி ஒரு காலை மட்டும் தண்ணீருக்கு மேலே நிமிர்த்திக் காட்ட வேண்டும். பிறகு அந்தக் காலும் ஆடாமல் அசையாமல் நேராக உள்ளே போய் மறைய வேண்டும். ஆள் உயரத்தைவிட நன்றாகவே ஆழம் இல்லாவிட்டால் தலை தரையில் இடிக்கும். எட்டடியாவது வேண்டும் என்கிறாள் மார்க்கிரட். ஒரு கழியை விட்டு அளந்து எழுதுங்கள். ஒருநாள் முன்னதாக வந்து ஒத்திகை பார்க்கலாமா? உடை மாற்ற அறை உண்டா?

துரைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

சந்திரா

* * *

கிள்ளான்
29-3-1935

சௌபாக்கியவதி சந்திரகலாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கு யாவரும் சுகம். கணக்குத் தணிக்கை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்குச் சளி பிடித்து இரண்டு நாள் படுத்திருந்தார், இப்போது தேவலை. லெட்சுமி மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். அடுத்த முறை ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

தொட்டி மிகவும் அழகானது. அடியிலும் பக்கத்திலும் வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள். ஓடு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தது, அதற்கான தாள்களை நான்தான் பார்த்தேன். நல்ல ஆழம். கவலைப்பட வேண்டாம். ஒத்திகை தேவைப்படாது என்று நினைக்கிறேன். துரைக்குத் தொந்தரவு பிடிக்காது. உடை மாற்ற ஏற்பாடு செய்யப்படும்.

வெயில் கடுமையாக இருக்கிறது. நிறைய மோர் குடி.

இப்படிக்கு,
அண்ணன்

* * *

பிரிக்பீல்ட்ஸ்
1-4-1935

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் இருக்கிறோம். மோரும் குடிக்கிறேன்.

நல்ல ஆழம் என்பது எந்த ஊர் அளவு? துணிக்கடையில் போய் நல்ல நீளம் கொடுங்கள் என்று கேட்டால் என்ன கொடுப்பான்? ஐந்து வாரம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது ஊறுகாயும் ஓடும். அண்ணே, நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அடி எத்தனை?

நாங்கள் படும் பாட்டைக் கேளுங்கள். ஈயக் குட்டை போனபின் பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் பழகுகிறோம். இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. அதில் சக்கரம் மட்டும் போடலாம். மற்றவற்றைப் பள்ளிக்கூடக் கூடத்தில் பெஞ்சின் மேல் குப்புறவும் மல்லாந்தும் படுத்துப் பழகுகிறோம். மார்க்கிரட் வாளியைத் தரையில் வைத்துத் தட்டுகிறாள். பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து, "என்னம்மா, இங்க என்ன தகரப் பட்டறையா நடக்குது?" என்று கேட்டார். கொக்குக்கு இராஜம்மா சுவரில் காலைத் தூக்கித் தலைகீழாக நிற்கிறாள். அவள் அப்பா பக்கிரிசாமி ஒருநாள் பார்க்க வந்தார். போகும்போது, "கிளப்புல இறங்க விடுவாங்கதானே டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் வார்த்தையை நம்பித்தான் சொன்னேன்.

அதனால் அடி எத்தனை என்று எழுதுங்கள். வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

சந்திரகலா

* * *

கிள்ளான்
20-4-1935

தங்கை சந்திரகலாவுக்கு,

இங்கு சுகம்.

பத்தடி.

வெள்ளிவிழாவன்று மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள். முன்வாசல் விருந்தினர் காருக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சமையற்கட்டுப் பக்கத்து வாசலில் வாருங்கள், அது நிழலான வழி. அன்று எனக்கு ஆபீசில் வேலை அதிகம் இருக்கும். என்னைத் தேட வேண்டாம்.

அம்மா உனக்குத் திருநீறு அனுப்பியிருக்கிறார்.

அண்ணன்

* * *

பிரிக்பீல்ட்ஸ்
8-5-1935

திரு. ராதாகிருஷ்ணன், ஹெட் கிராணி அவர்களுக்கு,

அம்மா சுகமா? மற்றவர்கள் சுகத்தைக் கேட்க இப்போது மனமில்லை.

நாலரை அடி.

தொட்டிச் சுவரில் கறுப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் நாலரை. கண் இருக்கிற யாரும் படிக்கலாம். சமையற்கட்டு வழியாக, மீன் கழுவுகிற இடத்தைத் தாண்டி, விறகுக் கொட்டகையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்ததும் நான் பார்த்தது அதைத்தான். மார்க்கிரட்டும் பார்த்தாள். வாளி அவள் கையிலிருந்து விழுந்தது.

உங்கள் துரையிடம் போய்ச் சொன்னேன். ஆழம் போதாது, சில நிலைகளை மாற்ற வேண்டும், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் நாலரை மணி என்று அச்சடித்தாகிவிட்டது, விருந்தினர் உட்கார்ந்துவிட்டார்கள், தொடங்கு என்றார். நான் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. எட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன். கொக்கு வேண்டாம், அந்த இடத்தில் நட்சத்திரம் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஏழு பேருக்குக் கேட்டது. இராஜம்மா அதற்குள் தண்ணீரில் இறங்கி மல்லாந்துவிட்டாள். அவள் காது தண்ணீருக்குள் இருந்தது. அவளுக்கு வாளிச் சத்தம் தவிர எதுவும் கேட்காது.

சக்கரம் நன்றாக வந்தது. பூ நன்றாக வந்தது. அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது தெரியுமா? கண்ணாடி மாதிரி. சேற்றிலேயே பழகிய பிள்ளைகளுக்குத் தங்கள் கையையும் காலையும் பார்க்கவே ஆச்சரியமாக இருந்திருக்கும். துரைமாரின் மனைவிமார், அந்த மேம்மார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சக்கரத்துக்கும் பூவுக்கும் அடுத்தது கொக்கு என்று பழகிய உடம்பு இராஜம்மாவுடையது. மற்றவர்கள் நட்சத்திரத்துக்குத் திரும்பியபோது அவள் தலைகீழாக இறங்கினாள். கால் அவ்வளவு நேராக நின்றது. கொக்குதான். கிளப்பே கை தட்டியது. பிறகு கால் உள்ளே போயிற்று. சத்தம் எனக்குக் கேட்டது, அண்ணே. கரையில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

எழும்பியபோது நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைத்தானே நாங்கள் சொல்லிக்கொடுத்தோம், எது நடந்தாலும் முகம் சிரிக்க வேண்டும் என்று. சிரித்துக்கொண்டே பாம்பு வரிசையில் போய்ப் படுத்து முடித்துவிட்டுத்தான் படியேறினாள். விருந்தில் ஒரு டாக்டர் துரை இருந்தார். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்தான் தையல் போட்டார்.

இன்னும் முடியவில்லை. நாங்கள் ஈர உடையைக்கூட மாற்றவில்லை, தொட்டித் தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தால் கூலியாட்கள் நீண்ட பிரஷ்ஷும் வாளியுமாக நிற்கிறார்கள். ரத்தத்துக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். ஒருவரிடம் கேட்டேன்.

"அதுக்கு இல்லம்மா. நீங்க ஏறுனதும் தண்ணிய திறந்துவிட்டு ஓடெல்லாம் தேய்க்கணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அப்புறம் மேம்மாருங்க குளிக்கணும்லா. கிராணி ஐயா போன மாசமே எங்கள ஆள் பேசி வச்சிட்டாரு."

உங்களைத் தேட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். தேடினேன். சமையற்கட்டு மூங்கில் தட்டிக்குப் பின்னால் உங்கள் கோட்டு தெரிந்தது. நான் அந்தப் பக்கம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பட்லர் அய்யாவுவிடம் என் அண்ணனைத் தொட்டிப் பக்கம் கூட்டி வாருங்கள், இந்த எழுத்தைக் காட்ட வேண்டும் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "உங்க அண்ணன் இந்தப் பக்கம் வரமாட்டாரும்மா. நம்ம ஆளுங்க வரக்கூடாது. அவருக்கு ஆபீசு, பின்வாசல், அவ்வளவுதான்."

நீங்கள் அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலே பத்தடி என்று எழுதினீர்கள்.

சந்திரகலா

* * *

கிள்ளான்
25-5-1935

சந்திரகலாவுக்கு,

அம்மா சுகம். இராஜம்மாவின் நெற்றிக்கு லெட்சுமி ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறாள். தழும்பு மறையும் என்கிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அம்மா கேட்டபோது, காட்சி பிரமாதமாக நடந்தது, எல்லோரும் கை தட்டினார்கள் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

நீ என்னைத் திருவாளர் என்று எழுதியிருக்கிறாய். சரி. நானும் கேட்கிறேன். ஆள் வைத்தது நான்தான். சொன்ன வேலையைச் செய்கிறவன் நான். அந்த வேலையில்தான் நீ படித்தாய், டீச்சர் ஆனாய், இன்று எனக்குப் பாடம் நடத்துகிறாய். அந்தத் தொட்டிப் பக்கம் நான் போனதில்லை என்பதைப் பட்லர் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதுதானே உன் குற்றச்சாட்டு? ஆழம் தெரியாது என்று எழுதினால், அங்கேயே வேலை பார்க்கிறீர்கள், ஏன் தெரியாது என்று அடுத்த தபாலில் கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதற்கு நான் என்ன பதில் எழுதுவது? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். துரைக்கு என் மகன்தான் வலது கை என்று அம்மா கோயிலில் சொல்லிக்கொண்டிருப்பதும் தெரியும். நான் யாரிடம் போய் அடி எத்தனை என்று கேட்பேன்? துரையிடமா? அந்தக் கூலிகளிடமா?

ஞாயிற்றுக்கிழமை விஷயமாகத் துரை யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ரா.

* * *

பிரிக்பீல்ட்ஸ்
3-6-1935

அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். களிம்பு வந்தது. அண்ணிக்கு நன்றி.

என்ன பதில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளதை எழுதியிருக்கலாம். என்னை அங்கே விடமாட்டார்கள், சந்திரா, அதனால் தெரியாது என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர்கள்மேல் வந்திருக்கும். அந்தக் கோபத்தில் நான் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். இராஜம்மாவின் நெற்றி முழுசாக இருந்திருக்கும். நீங்கள் உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். அது அவள் தலையில் இடித்தது.

பக்கிரிசாமி மகளை நிறுத்திவிட்டார். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போதும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நேற்று இராஜம்மா அவருக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை எப்போது தொடங்கும் என்று கேட்டாள். அந்தக் கண்ணாடித் தண்ணீரில் இன்னொரு தடவை கொக்கு நிற்க வேண்டுமாம், ஆழம் குறைவு என்று தெரிந்திருந்தால் பாதியிலேயே மடங்கி எழும்பியிருப்பேன் என்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் எழுதுங்கள்.

சந்திரகலா

* * *

கிள்ளான்
14-8-1935

சௌபாக்கியவதி தங்கை சந்திரகலாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

இங்கு மழை. அம்மாவுக்கு முழங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. இரண்டு மாதமாக நீ ஏன் எழுதவில்லை என்று தினமும் கேட்கிறார். நானும் எழுதவில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை. லெட்சுமிக்கு இது நான்காம் மாதம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கமிட்டி சார்பில் உனக்கு எழுதும்படி துரை பணித்திருக்கிறார். செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள். வெள்ளிவிழாக் காட்சியைப் பற்றி இன்றும் மேம்மார் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அந்த ஒற்றைக் கால் நிற்கும் காட்சியை மறுபடியும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகளோடு வந்து நடத்திக்கொடுக்க முடியுமா? துரைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று சொல்லும் இடத்திலும் நான் இல்லை.

அண்ணன்

* * *

பிரிக்பீல்ட்ஸ்
17-8-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அண்ணியின் செய்தி கேட்டுச் சித்தி கோயிலுக்கு ஓடியிருக்கிறார். எனக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு இன்றே தனியாக எழுதிவிட்டேன், சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்.

துரைக்குப் பதில். நாங்கள் வருகிறோம். பிள்ளைகளைக் கேட்டேன், மார்க்கிரட்டைக் கேட்டேன், பக்கிரிசாமி வீட்டுக்கும் போய்க் கேட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து சொல்வது இதுதான். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் எங்களுக்கு வேண்டும். யோசிக்கிறேன் என்பது பதிலாகாது. இரண்டு, நாங்கள் இறங்கிய தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. அது எங்கள் பிள்ளைகளின் உடம்பு பட்ட தண்ணீர். அதில் மேம்மார் குளிக்க முடியாது என்றால் எங்கள் காட்சியையும் அவர்கள் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது என் சொந்த விருப்பம். காட்சி நடக்கும்போது தொட்டியின் ஓரத்தில், துரைமார் வரிசையில், உங்களுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். தட்டிக்குப் பின்னால் நின்று நீங்கள் பார்ப்பதை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்.

மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். நல்ல வார்த்தை போட்டு மழுப்ப வேண்டாம். உங்களால் சொல்ல முடியாவிட்டால் அதையாவது எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

சந்திரா

* * *

கிள்ளான்
5-9-1935

என் தங்கை சந்திராவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். அம்மா உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். லெட்சுமி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

சொல்வதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. மூன்று தடவை துரையின் கதவு வரை போய், வேறு தாளை நீட்டிவிட்டுத் திரும்பினேன். போன திங்கட்கிழமை சொன்னேன். நின்றுகொண்டுதான் சொன்னேன், அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னதும் துரை சிரித்தார். அது நடக்காது, அப்படி யோசிப்பதாகத் தாம் எப்போதும் சொல்லவில்லையே என்றார். அவர் சொன்னது உண்மை. பிப்ரவரியில் அவர், "பார்ப்போம்" என்று மட்டும்தான் சொன்னார். மிச்சத்தை உனக்கு எழுதியது நான்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. உன் பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று உண்மையாகவே யோசித்தார். பிறகு பெரிய மனது செய்து ஒரு வழி சொன்னார். போன முறை அவசரப்பட்டுவிட்டார்களாம். இந்த முறை நீங்கள் எல்லோரும் ரயிலேறிப் போன பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிடுவார்களாம். அதற்கு ஏற்ப ஆட்களை ராத்திரி வரச் சொல்லி வைக்கும்படி என்னிடமே சொன்னார்.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. இத்தனை வருஷமாக அவர் சொல்வதற்கெல்லாம் எஸ் சார் சொல்லிக்கொண்டிருந்த வாய், அன்று அதைச் சொல்லவில்லை. என் தங்கை வரமாட்டாள் என்றேன். ஆட்களையும் இனி நான் வைக்கமாட்டேன் என்றேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் சொல்லிவிட்டேன், அதற்கும் நீ கோபப்பட்டால் படு. துரை, போகலாம் என்றார். அறையை விட்டா, வேலையை விட்டா என்று தெரியவில்லை. மாதக் கடைசியில் தெரியும். அம்மாவுக்கு இதை இன்றிரவு நானே சொல்லிவிடப் போகிறேன்.

இராஜம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஜூனில் கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, எப்போதுமே கிடையாது, அண்ணன் பொய் எழுதினான் என்று சொல். நான் வந்து பக்கிரிசாமியிடம் நேரில் சொல்கிறேன்.

எனக்கு ரொம்பக் கோபமாக இருக்கிறது, சந்திரா.

நாற்காலியை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயந்து இல்லை. அந்தத் தண்ணீரின் ஓரத்தில் உட்கார எனக்கு இப்போது விருப்பமில்லை.

உன் அண்ணன்,
ராதாகிருஷ்ணன்